முப்பது டிகிரியைத் தாண்டினால்

அத்தியாயம் 17

போன வாரம் பொன்னுத்தங்கம் அம்மாளை இருக்கன்குடிக் கோயில் வாசலில் மயங்கி விழ விட்டுவிட்டு அத்தியாயத்தை முடித்ததற்கு என் மேல் பலருக்குக் கோபம். கடிதம் போட்டுத் திட்டியவர்களும் உண்டு. போகட்டும், அம்மாள் பிழைத்துக்கொண்டார். இருதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையால் அவர் உடம்புக்கு வெயில் ஆகாது என்று கண்டுபிடித்தார்கள்.

"படுத்திருக்கிற அறை முப்பது டிகிரிக்கு மேல போகவே கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில இல்லை" என்று அவர் கணவர் சங்கரபாண்டியனிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

சிவகாசியில் சித்திரை மாதத்தில் ஓர் அறையை முப்பதுக்குள் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? அறையில் ஏசி இருக்கிறது, ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும். வந்த பிறகு அந்த ஏசி சில சமயம் தானாக ஓடும், சில சமயம் ஓடாது. அம்மாளோ மாத்திரை போட்டால் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகிறவர். வியர்த்து எழுந்து ஆளைக் கூப்பிடுவார் என்று நம்பி இருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் சின்ன மருமகள் ஆர்த்தி கெட்டிக்காரத்தனம் காட்டினாள். மதுரைக்காரி. எஞ்சினியரிங் படித்தவள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அவள்தான் ஆன்லைனில் வரவழைத்து, மாமியார் அறைச் சுவரில் ஆப்பம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டக் கருவியை மாட்டினாள். அறையின் சூட்டை அது எண்ணில் காட்டும், ஏசியை அதுவே ஓட்டும், நிறுத்தும். கரண்ட் போய் வந்து ஏசி முரண்டு பிடித்தால் மட்டும் ஆள்தான் போய்த் தட்டிவிட வேண்டும். சூடு அளவு தாண்டினால் செல்போனுக்கு ஆள் அனுப்பாத குறையாகச் சேதி சொல்லும்.

மாட்டிய அன்று கூடத்தில் குடும்பமே கூடி நின்றது.

"எம்புட்டு சூடு வந்தாச் சொல்லும்?" என்று கேட்டார் மாமனார்.

"முப்பதுன்னு வச்சிருக்கேன் மாமா. முப்பதைத் தொட்டதும் போனுக்கு அலெர்ட் வந்துரும். குறையிற வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துக்கிட்டே இருக்கும்."

"யாரு போனுக்கு?"

"இப்போதைக்கு எனக்கு மட்டும் போட்டிருக்கேன். நீங்களும் அத்தானும் பாக்டரிக்குள்ள போயிட்டா உங்க போன் கேட்லதானே கிடக்கும். என் வீட்டுக்காரரும் ஆர்டர் பிடிக்க டெல்லி போயிட்டாக."

சரியான பேச்சுதான். பட்டாசு ஆலைக்குள் முதலாளியானாலும் செல்போன் கொண்டு போக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சங்கரபாண்டியன் தலையாட்டினார், மூத்த மகன் மணிகண்டராஜும் தலையாட்டினான்.

மூத்த மருமகள் ஸ்ரீமதி மட்டும் ஆட்டவில்லை.

"எனக்கும் ஒண்ணு போட்டு விடேன் ஆர்த்தி" என்றாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா அந்தத் தொந்தரவு? அடுப்படியில அம்புட்டு வேலை கிடக்கு. நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஸ்ரீமதியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அடுப்படிக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டதாக எடுத்துக்கொண்டாள்.

விருதுநகர் எண்ணெய்க்கடைக்காரர் மகள் ஸ்ரீமதி. இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம். மாமியாருக்குக் கால் வலித்தால் தைலம் தேய்த்தவள் அவள். காப்பியில் அரைக் கரண்டிச் சீனி கூடினால் ஏச்சு வாங்கியவளும் அவள். பொன்னுத்தங்கம் அம்மாள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "ஏ ஸ்ரீமதி" என்று கத்துவார். எரிச்சலாகத்தான் இருக்கும். கருவி வந்த ஐந்து நாளாக அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கூப்பிட அவசியமே இல்லாமல் ஆர்த்தி வந்து நிற்கிறாள். இப்போதுதான் தெரிகிறது, அந்த ஏச்சுக்கும் கூப்பாட்டுக்கும் அவள் எவ்வளவு பழகிப்போயிருந்தாள் என்று.

இனி இன்றைய கதைக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை.

காலை ஏழரைக்குக் கரண்ட் போய் வந்தது, ஏசி ஓடவில்லை. ஸ்ரீமதி மாமியாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு அறைக்குள் நுழைவதற்குள், மாடிப்படியில் தடதடவென்று ஆர்த்தி இறங்கி வந்து அவளை முந்திக்கொண்டு உள்ளே போனாள். ஏசியைத் தட்டிவிட்டாள். மாமியார் நெற்றியை ஈரத்துணியால் ஒற்றினாள்.

"உனக்கு எப்படித்தான் தெரியுதோ ஆர்த்தி. கண்ணு முழிச்சா எதிர்ல நிக்கிற" என்று பொன்னுத்தங்கம் அவள் கன்னத்தைத் தடவினார். பிறகு வாசற்பக்கம் பார்த்தார். "கஞ்சியை அங்கன வச்சிட்டுப் போ ஸ்ரீமதி. அவ குடுப்பா."

பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கை ஸ்ரீமதியின் கன்னத்துக்கு வந்ததில்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்தாள். அடுப்படிக்குப் போகவில்லை.

கூடத்து மேசையில் அந்தக் கருவிக்கென்று ஒரு பழைய தொடுதிரை டேப்பை ஆர்த்தி வைத்திருந்தாள். மாமனாருக்கு ரகசிய எண் எதுவும் நினைவில் நிற்காது என்பதால் அதற்குப் பூட்டும் போடவில்லை. ஸ்ரீமதி அதை எடுத்தாள். அமைப்பு என்று ஒரு பக்கம். சூடு எல்லை, முப்பது. அதற்குக் கீழே, சேதி யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல். ஒரே பெயர், ஆர்த்தி.

எஞ்சினியரிங் படித்தவளால்தான் இதையெல்லாம் செய்ய முடியுமா? ஸ்ரீமதியும் பி.காம். முதல் வகுப்பு. தன் நம்பரைச் சேர்த்தாள். போனில் டிங்கென்று ஒரு சேதி வந்தது, நீங்கள் சேர்க்கப்பட்டுவிட்டீர்கள் என்று. அதோடு அவள் விட்டிருக்கலாம். இந்த அத்தியாயமே இல்லாமல் போயிருக்கும்.

ஆர்த்தியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருந்தது.

ஒரே ஒரு தடவை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை நான் முதலில் போய் நிற்கிறேன். அத்தை கண் விழித்து என்னைப் பார்க்கட்டும். சாயங்காலம் அவள் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

அழுத்தினாள். பெயர் போய்விட்டது.

பதினொன்றரைக்கு மாமியார் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். பதினொன்றே முக்காலுக்கு ஸ்ரீமதியின் போன் அடித்தது. ஆவலோடு எடுத்தாள். கணவன் மணிகண்டராஜ், தாயில்பட்டி ஆலையின் வாசலிலிருந்து பேசினான்.

"ஸ்ரீமதி, ஆபீசர்மார் திடீர்னு வந்திருக்காக. இந்த யூனிட் லைசென்ஸ் உன் பேருல இருக்குல்ல, நீதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். அப்பாவும் இங்கனதான் இருக்காக. வெள்ளைத்துரையைக் காரோட அனுப்பிட்டேன். உடனே கெளம்பி வா."

வெள்ளைத்துரை அவர்கள் டிரைவர். இன்னும் பத்து நிமிடத்தில் வாசலில் ஆரன் அடிப்பான். ஸ்ரீமதி நூல் புடவைக்கு மாறினாள், ஆலைக்குள் நைலான் துணி ஆகாது. மாடிப்படி அருகே போய்க் கூப்பிட்டாள்.

"ஆர்த்தி, அத்தை சாப்பிட்டுப் படுத்துட்டாக. நான் பாக்டரி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்."

"சரிக்கா, நிம்மதியாப் போயிட்டு வாங்க. எனக்கு ரெண்டரை வரைக்கும் மீட்டிங் இருக்கு. ஆனா அலெர்ட் வந்தா இறங்கி ஓடி வந்துருவேன்."

வராது ஆர்த்தி, உன் பெயரை எடுத்துவிட்டேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்ல வாயெடுத்தாள். ஏன் எடுத்தீக என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது? டேப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகலாம் என்று திரும்பினாள். வாசலில் ஆரன் கேட்டது. போன்தான் கையில் இருக்கிறதே, சேதி வந்தால் ஆர்த்தியைக் கூப்பிட்டுச் சொன்னால் போயிற்று என்று காரில் ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அது ஒன்றும் சொல்லவில்லை.

ஆலை வாசலில் காவலர் சங்கையா மரப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். ஆளுக்கொரு தடுப்பு, தடுப்புக்கொரு போன்.

"போனை இங்கன குடுத்துட்டுப் போங்க தாயி."

ஸ்ரீமதிக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடமாகப் பட்டாசுக்காரர் வீட்டு மருமகள். இந்தப் பெட்டியைப் பற்றி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், ஆர்த்தியே ஐந்து நாள் முன்னால் கூடத்தில் சொன்னாள். ஆலைப் பக்கம் வருடத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு வருகிறவளுக்கு, அது ஆம்பிளைகள் போனுக்கான சட்டமாகவே மனதில் பதிந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒரு போன் மட்டும் பேசிட்டு..."

"ஸ்ரீமதி, என்ன அங்கன பேச்சு? ஆபீசர் எம்புட்டு நேரமா நிக்காக தெரியுமா?" உள்ளேயிருந்து கணவன் கையை ஆட்டினான்.

ஒரு கையெழுத்துதானே, பத்து நிமிடம் ஆகுமா? போனைக் கொடுத்தாள். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டு உள்ளே போனாள். மணி பன்னிரண்டே முக்கால்.

"ஓனர் மேடம் நீங்கதானா?" என்று அதிகாரி கேட்டார். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். வெடிமருந்தை மணிமணியாக உருட்டி வைக்கும் மணிமருந்து அறை, கலவை அறை, மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொரு இடமாக அவளை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கணவன் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, அவள் பதில் சொன்னாள். மாமனார் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் ஒன்றேமுக்கால் மணி நேரமாக நீண்டது. நடுவில் இரண்டு தடவை கிளம்பப் பார்த்தாள். இன்னும் ஒரு தாள் இருக்கு மேடம் என்று உட்கார்த்தி வைத்தார்கள்.

இரண்டரைக்கு வெளியே வந்தபோது சங்கையா போனை நீட்டினார்.

"உங்க போனு டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு தாயி. உள்ள கொண்டாரக் கூடாதே, அதான் வச்சிட்டேன்."

திரையில் ஒன்பது சேதி.

கரண்ட் போய் வந்து ஏசி மறுபடி ஓடாமல் நின்றிருக்கிறது. ஒரு மணிக்கு முப்பது டிகிரி. அடுத்தது முப்பத்தொன்று. அப்புறம் முப்பத்திரண்டு. கடைசியாக வந்தது முப்பத்தேழு. ஸ்ரீமதி ஆர்த்தியின் பெயரைத் தேடி அழுத்துவதற்குள் இரண்டு தடவை தவறியது.

"ஆர்த்தி, அத்தை ரூமுக்குப் போ."

"என்னக்கா? அலெர்ட் ஒண்ணும் வரலையே."

"போன்னு சொல்றேன்ல. ஓடு."

போனை வைக்காமலே ஆர்த்தி ஓடினாள். படிகளில் காலடி, கதவு திறக்கும் சத்தம், பிறகு "அத்தை... அத்தை... அத்தை, கண்ணத் திறங்க." அப்புறம் போன் எங்கேயோ விழுந்து லைன் அறுந்துபோனது.

மூன்று பேரும் காரில் பறந்தார்கள். என்ன ஆச்சு, உனக்கு யார் சொன்னா என்று கணவன் கேட்டான்.

"எனக்கு... மனசே சரியில்லைங்க. என்னமோ தோணுச்சு. அதான் ஆர்த்தியக் கூப்பிட்டேன்."

வாயில் வந்த முதல் பொய். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பொய்யாகவே தெரியவில்லை. மாரியம்மா, உசுரைக் குடுத்துரு என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

மாரியம்மாள் கொடுத்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொன்னுத்தங்கம் கண் விழித்தார். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை, மணிகண்டராஜ் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தான்.

"உங்க மூத்த மருமகதாம்மா காப்பாத்துனது. தாயில்பட்டியில நிக்கா, இங்கன உங்களுக்கு ஆகலைன்னு அவ மனசுக்குத் தெரிஞ்சிருக்கு."

"பதினோரு வருசம்லடா" என்றார் சங்கரபாண்டியன்.

பொன்னுத்தங்கம் கையை நீட்டினார். ஸ்ரீமதி பக்கத்தில் போனாள். அந்தக் கை மெதுவாக மேலே வந்து அவள் கன்னத்தைத் தடவியது. இத்தனை வருடமாக ஏங்கிய கை. ஸ்ரீமதி விம்மி விம்மி அழுதாள். பாசத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆர்த்தி கதவோரத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும் சங்கரபாண்டியனின் முகம் கடுத்தது.

"என்னம்மா ஆர்த்தி, மிஷினு மிஷினுன்னு சொன்ன. வீட்டுல நீ இருந்துக்கிட்டே இப்பிடி ஆயிருச்சே. அதை நம்பி நாங்க அசந்து போனதுதான் மிச்சம்."

"அலெர்ட் வரலை மாமா" என்றாள் ஆர்த்தி. முகத்தைத் துடைத்துக்கொண்டு நடைக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் ஸ்ரீமதியும் பின்னாலேயே போனாள். ஆர்த்தி சுவரில் சாய்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் வந்ததும் திரையை இவள் பக்கம் திருப்பினாள். சேதி போக வேண்டிய பட்டியல். ஒரே பெயர், ஸ்ரீமதி.

"காலையில எட்டு மணிக்கு மாத்திருக்கீக" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஸ்ரீமதிக்குத் தாங்கவில்லை.

"ஆர்த்தி, நான் வேணும்னு..."

"ஏன்க்கா? என் மேல அம்புட்டுப் பொறாமையா உங்களுக்கு?"

"ஆமா." சொல்லிவிட்டாள். "அவுக உன் கன்னத்தைத் தொட்டாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

ஆர்த்தி போனைக் கீழே இறக்கினாள். "எனக்கும் உங்க மேல பொறாமைதான். அத்தை உங்களைத்தான் உரிமையாத் திட்டுறாக. என்கிட்ட விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரிதான் பேசுறாக. ஒரு நாளாவது என்னையத் திட்ட மாட்டாகளான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்." கண்ணைத் துடைத்தாள். "ஆனா அதுக்காக நான் அவுக மூச்சுல விளையாடலைக்கா."

ஸ்ரீமதிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

"சொல்லிருவியா?"

"சொல்ல மாட்டேன். திட்டு வாங்குனது வாங்குனதாவே இருக்கட்டும்."

இதைக் கேட்டு நம் ஸ்ரீமதிக்கு நிம்மதி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இவளால் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று இன்னொரு பொறாமை வந்தது. மனதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

உள்ளேயிருந்து மணிகண்டராஜின் குரல் கேட்டது. இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள்.

"எலக்ட்ரீசியன் சோலைமலைகிட்டச் சொல்லிட்டேன்ப்பா. இப்பவே வீட்டுக்குப் போயிக் கழட்டிருவான்."

"எதைக் கழட்டுறாக?" என்றாள் ஸ்ரீமதி.

"அந்த மிஷினைத்தான். ஆபத்துக்கு உதவாதது எதுக்கு? பழைய சுவிட்சையே மாட்டச் சொல்லிட்டேன்."

"கழட்டித் தூரப் போடச் சொல்லுடா" என்றார் பொன்னுத்தங்கம், கண்ணை மூடியபடி. "எனக்கு எந்த மிஷினும் வேண்டாம். என் ஸ்ரீமதி மனசு சொல்லும், அது போதும்."

ஆர்த்தி ஸ்ரீமதியைப் பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்த தடவையும் உங்கள் மனசு சொல்லுமா என்று அந்தப் பார்வை கேட்டது.

மணிகண்டராஜ் போனை எடுத்துக் காதில் வைத்தான். மறுபக்கம் மணி அடித்தது. சித்திரை இன்னும் பாதி பாக்கி, அக்கினி நட்சத்திரம் இனிமேல்தான். அந்த வட்டக் கருவி இல்லாத அறையில் அத்தை மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவதை ஸ்ரீமதி நினைத்துப் பார்த்தாள். கன்னத்தில் அந்தக் கை பட்ட இடம் இன்னும் கதகதவென்றிருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

"சோலைமலை, கிளம்பிட்டியா?" என்றான் கணவன்.

ஸ்ரீமதி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி லைனைத் துண்டித்தாள்.

"கழட்ட வேண்டாம். அது சரியாத்தான் வேலை செஞ்சுச்சு. ஒம்பது தடவை சொல்லுச்சு."

சங்கரபாண்டியன் மனைவியைப் பார்த்தார், பிறகு சின்ன மருமகளைப் பார்த்தார். ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னுத்தங்கம் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"யாருகிட்டச் சொல்லுச்சு ஸ்ரீமதி?" என்று கேட்டார்.